அமெரிக்க வங்கி புதுக் கணக்கு மறுக்கிறது. செக்சிஸ்டம்ஸ் பதிவை நீக்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். டெக்சஸில் முதுகலை படித்தபோது ஒரு பெரிய வங்கியில் கணக்கு வைத்திருந்தீர்கள். 2022-இல் கோவைக்குத் திரும்பியபோது அதில் நாற்பது டாலர் சொச்சம் கிடந்தது, கணக்கை மூடவில்லை. இப்போது எச்-1பி விசாவில் நியூஜெர்சிக்கு வந்து வேறொரு வங்கிக்குப் போனால், வங்கிக் கணக்குத் தகவல்களைத் திரட்டும் செக்சிஸ்டம்ஸ் முகமையில் உங்கள் பெயரில் பதிவு இருக்கிறது, கணக்குத் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். பழைய வங்கிக்கு 287 டாலர் பாக்கி என்கிறது அந்தப் பதிவு. பணத்தைக் கட்டினால் போய்விடுமா, பதிவு தவறு என்று முகமைக்கு மறுப்புக் கடிதம் எழுதினால் போய்விடுமா, 400 டாலருக்கு அழித்துத் தருவதாகச் சொல்லும் ஆளை நம்பலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்தப் பதிவு தவறானதா, அல்லது சரியாக இருந்துகொண்டே உங்களுக்கு இடைஞ்சல் செய்கிறதா? தவறானது என்றால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். சரியானது என்றால் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது; வங்கியிடம் பேசித்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பலருடைய மறுப்புக் கடிதம் போன வேகத்தில் திரும்பி வருகிறது.

நான் அமெரிக்க வங்கி ஒன்றில் வாடிக்கையாளர்கள் அனுப்பும் இப்படிப்பட்ட மறுப்புகளை வாங்கிப் பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். வழக்கறிஞன் அல்லன். ஆகவே நடைமுறையை உறுதியாகச் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் நுகர்வோர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

செக்சிஸ்டம்ஸ் அரசு அமைப்பு அன்று. எஃப்.ஐ.எஸ். என்ற பெருநிறுவனத்துக்குச் சொந்தமான தகவல் முகமை அது. கடன் வரலாற்றுக்கு ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று இருப்பதைப்போல, சேமிப்புக் கணக்கிலும், அன்றாட வரவு செலவுக்கான செக்கிங் கணக்கிலும் யார் பாக்கி வைத்தார்கள், யார் கணக்கை வங்கியே மூடியது என்பதை வங்கிகள் இங்கே தெரிவிக்கின்றன. இதே வேலையைச் செய்யும் இன்னொன்று எர்லி வார்னிங் சர்வீசஸ். அமெரிக்காவின் பெரிய வங்கிகள் ஏழு சேர்ந்து நடத்துவது. நீங்கள் பணம் அனுப்பும் ஸெல் சேவையும் அதனுடையதுதான். இரண்டும் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும், இத்தகைய தகவல் முகமைகளை ஒழுங்குபடுத்தும் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. செக்சிஸ்டம்ஸ் பொதுவாக 5 ஆண்டுகள் பதிவை வைத்திருக்கும். எர்லி வார்னிங் 7 ஆண்டுகள் வரை. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பும் இத்தகைய பாக்கிக்கு 7 ஆண்டுகள்தான்.

நாற்பது டாலர் இருப்பு எப்படி 287 டாலர் பாக்கியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவர் சலுகை முடிந்ததும் மாதப் பராமரிப்புக் கட்டணம் பிடிக்கத் தொடங்கும். மாதம் 12 டாலர் என்றால் நான்காவது மாதம் இருப்பு சுழியத்துக்குக் கீழே போய்விடும். அதற்குள், நீங்கள் ரத்து செய்ததாகச் சொல்லும் ஜிம் சந்தா தானியங்கிப் பற்றாக வந்து மோதியிருக்கும். ஒவ்வொரு மோதலுக்கும், இருப்புக்கு மேல் பணம் போனதற்கான ஓவர்டிராஃப்ட் கட்டணம், பல வங்கிகளில் அப்போது 35 டாலர் வரை. இருப்பு சுழியத்துக்குக் கீழே போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அதை வராத பாக்கியாகத் தள்ளி எழுதிவிட வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் 2005-இல் வங்கிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கின்றன. தள்ளி எழுதியவுடன் கணக்கு மூடப்படும், தகவல் முகமைக்குப் போகும். கடிதங்களெல்லாம் உங்கள் பழைய அபார்ட்மென்ட் பெட்டியில் விழுந்திருக்கும்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக விதிக்கும் கட்டணத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு சுழியத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 2015 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கவனிக்காமல் விட்ட கணக்கு காய்ந்துபோய்க் கிடக்கும், கடனாக வளராது என்பது நம் அனுபவம். அமெரிக்காவில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்கக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. கணக்கு மறுத்த வங்கி உங்களுக்கு ஓர் அறிவிப்புக் கடிதம் தந்தாக வேண்டும். எந்த முகமையின் தகவலை வைத்து மறுத்தோம் என்பது அதில் இருக்க வேண்டும். கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எதையும் தொடங்காதீர்கள். செக்சிஸ்டம்ஸ் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். கடிதத்தைப் பார்த்தால் எர்லி வார்னிங் என்று இருக்கும். தவறான இடத்துக்கு எழுதினால் ஒரு மாதம் வீண். அறிவிப்பு வந்த 60 நாட்களுக்குள் கேட்டால் அறிக்கை இலவசம்; அது இல்லாவிட்டாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்கலாம். இரண்டு முகமைகளிலிருந்தும் வாங்கிவிடுங்கள். இன்னொரு விஷயம், எப்போதாவது உங்கள் பெயரில் செக்சிஸ்டம்ஸில் உறைநிலை (வங்கிகள் உங்கள் அறிக்கையைப் பார்க்க முடியாதபடி போடும் தடை) போட்டு மறந்துவிட்டிருந்தால் அதுவே புதுக் கணக்கைத் தடுத்துவிடும். அப்படியென்றால் இந்தப் பதில் முழுதும் உங்களுக்குத் தேவையில்லை; உறைநிலையை நீக்கினால் போதும்.

அறிக்கை வந்ததும் தொகையை மட்டும் பார்த்து மனம் உடையாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். பெயர், சமூகப் பாதுகாப்பு எண், முகவரி, கணக்கு எண், பதிவான தேதி, காரணம், தொகை, கட்டப்பட்டதா இல்லையா. இவற்றில் காரணம் என்ற கட்டம்தான் தலையெழுத்தைத் தீர்மானிப்பது. வெறும் ஓவர்டிராஃப்ட் பாக்கி என்று இருந்தால் பல வங்கிகள் மேலாளர் மட்டத்தில் மனம் இரங்கும். சந்தேக மோசடி என்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. கட்டண பாக்கியை மோசடி என்று குறித்திருந்தால், தொகை ஒரு காசு பிசகாமல் சரியாக இருந்தாலும் அந்தப் பதிவு தவறானதுதான். அதை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

பெயர்க் கட்டத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுகிறார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. சிலர் அப்பா பெயரைப் பின்னால் சேர்க்கிறார்கள், சிலர் இனிஷியலை விரித்து எழுதுகிறார்கள். ஒரே ஆள் மூன்று பெயர் வடிவங்களில் மூன்று வங்கிகளில் இருப்பார். ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் எஃப்.என்.யு. கார்த்திக் என்று இரண்டு பேர் இருப்பார்கள். சமூகப் பாதுகாப்பு எண் வருவதற்கு முன்பு பாஸ்போர்ட்டை மட்டும் காட்டிக் கணக்குத் திறந்த மாணவராக இருந்தால் ஒருவர் பதிவு இன்னொருவர் கோப்பில் ஏறும் ஆபத்து இன்னும் அதிகம். அறிக்கையில் நீங்கள் வாழாத முகவரியோ, வைத்திருக்காத கணக்கோ தெரிந்தால் அங்கேயே நிறுத்தி அதைத்தான் முதலில் மறுக்க வேண்டும். யாரோ உங்கள் அடையாளத்தைத் திருடித் திறந்த கணக்கு என்றால் வழியே வேறு: கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்.டி.சி.யின் இணையதளத்தில் அடையாளத் திருட்டு அறிக்கை பதிந்து, அடையாளச் சான்றோடு முகமைக்கு அனுப்பினால், அவர்கள் 4 வேலை நாட்களுக்குள் அந்தத் தகவலை முடக்க வேண்டும்.

மறுப்பை எப்படி எழுதுவது என்பதற்கு முன், அது போய்ச் சேரும் மேசையைக் காட்டுகிறேன். முகமை உங்கள் மறுப்பை 5 வேலை நாட்களுக்குள் பழைய வங்கிக்கு அனுப்பும். வங்கியில் ஓர் ஊழியர் திரையில் அதைத் திறப்பார். ஒரு பக்கம் நீங்கள் சொன்னது, மறுபக்கம் வங்கியின் பதிவு. ‘இது என் கணக்கு அல்ல, நீக்குங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் பெயரையும் எண்ணையும் ஒத்துப் பார்ப்பார், ஒத்துப்போகும், சரிபார்க்கப்பட்டது என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். ‘2022 ஜூன் அறிக்கைப்படி பாக்கி 48 டாலர், நீங்கள் தெரிவித்திருப்பது 287, இடையில் சேர்ந்த 239 டாலரின் கணக்கு எங்கே’ என்று கேட்டு, அந்த மாத அறிக்கையின் நகலையும் இணைத்திருந்தால் அவரால் அப்படித் தாண்டிப்போக முடியாது. கணக்கு ஏட்டைத் திறந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது இரண்டு விஷயங்களில் ஒன்று நடக்கும்: உங்கள் தவறு தெரியும், அல்லது வங்கியின் தவறு தெரியும். பழைய ஏடுகளைத் தேட முடியாமல் கெடு தாண்டிப்போவதும் உண்டு. உண்மை என்று நிறுவ முடியாத தகவலை முகமை நீக்கியே ஆக வேண்டும்.

ஆகவே கடிதத்தில் கோபம் வேண்டாம், வாழ்க்கை வரலாறு வேண்டாம். முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள வடிவம், முகவரி, எந்த வங்கியின் எந்தப் பதிவு, அதில் எந்தக் கட்டம் தவறு, ஏன் தவறு, என்ன ஆதாரம், என்ன திருத்தம் வேண்டும். ‘எஃப்.சி.ஆர்.ஏ. 611-ஆவது பிரிவின்படி விசாரித்துத் திருத்துமாறும், நிறுவ முடியாவிட்டால் நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி. நகல்களை மட்டும் இணையுங்கள், அசலை அனுப்பாதீர்கள். இணையத்திலும் மறுப்பைப் பதியலாம். ஆனால் அங்கே பெட்டிக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் சொல்ல முடியும் என்பதால் ஆதாரம் நிறைய இருப்பவர்களுக்கு நான் தபாலையே சொல்வேன். அஞ்சலகத்தில் சர்டிஃபைட் மெயில், பெற்றுக்கொண்டதற்கான ரசீதோடு. முகமைக்குக் கெடு 30 நாட்கள். நடுவில் நீங்கள் கூடுதல் ஆவணம் அனுப்பினால் அது 45 நாட்கள் வரை நீளலாம். ஆகவே இருப்பதை எல்லாம் முதலிலேயே அனுப்பிவிடுவது நல்லது. முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். பலர் நேரே பழைய வங்கிக்கு எழுதிவிட்டு முகமையை விட்டுவிடுகிறார்கள். வங்கிக்கு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வங்கி சரியாக விசாரிக்கவில்லை என்று பின்னால் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடும் உரிமை, மறுப்பு முகமை வழியாகப் போயிருந்தால்தான் கிடைக்கும். வங்கிக்கு மட்டும் அனுப்பிய கடிதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த உரிமையைத் தராது. ஒரே நாளில் இரண்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் எது நிற்கும், எது நிற்காது? அறிவிப்பே வரவில்லை என்ற வாதம் நிற்காது. கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கவில்லை என்பதால் பாக்கி பொய்யாகிவிடாது. கிளையில் வாய்மொழியாக மூடச் சொன்னேன் என்பது, எழுத்தில் ஏதும் இல்லாவிட்டால் பலவீனமானது. மூடியதற்கான கடிதமோ மின்னஞ்சலோ இருந்தால் அதற்குப் பின் ஏறிய ஒவ்வொரு கட்டணத்தையும் மறுக்கலாம். டெபிட் கார்டில் ஒற்றை முறை வாங்கியவற்றுக்கும் ஏடிஎம்மில் எடுத்தவற்றுக்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடித்திருந்தால், அதற்கு நீங்கள் முன்கூட்டியே சம்மதம் தந்திருக்க வேண்டும். 2010 முதல் அதுதான் விதி. சம்மதம் இல்லையென்றால் அந்தக் கட்டணம் விழுந்துவிடும். ஆனால் மாதாந்திர ஜிம் சந்தா போன்ற தானியங்கிப் பற்றுகளுக்கும் காசோலைகளுக்கும் அந்த விதி பொருந்தாது. ஜிம்முக்கு ரத்துக் கடிதம் கொடுத்திருந்தேன் என்கிறீர்கள். அதை வங்கிக்குச் சொல்லவில்லை என்றால், தவறு ஜிம்முடையது, வங்கியின் பதிவு தவறல்ல என்று அவர்கள் வாதிடுவார்கள். எனக்கு இது இழுபறியான இடமாகவே படுகிறது. ரத்துக் கடிதத்தின் நகல் இருந்தால் இணைத்துவிடுங்கள். அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

பணம் கட்டினால் போய்விடுமா? கட்டினால் பதிவு ‘கட்டப்பட்டது’ என்று மாற வேண்டும், அது உறுதி. தானாக அழியாது, அதுவும் உறுதி. ஆனால் தகவல் கொடுத்த வங்கியே நீக்கச் சொல்லிக் கேட்டால் செக்சிஸ்டம்ஸ் நீக்கிவிடும். ஆகவே பேரம் பேசுவதற்கு இடம் இருக்கிறது. பழைய வங்கியின் பாக்கி வசூல் பிரிவை அழைத்து, முழுத் தொகையும் கட்டுகிறேன், பதிவை விலக்கிக்கொள்ள எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும்; கட்டிய பின் உங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. சில வங்கிகள் ஒப்புக்கொள்ளும், பல வங்கிகள் எங்கள் கொள்கை அப்படி இல்லை என்று சொல்லிவிடும். பாக்கியை வசூல் நிறுவனத்துக்கு விற்றிருந்தால் யாரிடம் கட்டுவது என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கொஞ்சம் கட்டிப் பார்ப்போம் என்று பகுதித் தொகை மட்டும் அனுப்பாதீர்கள். பல மாநிலங்களில் அது வழக்குத் தொடரும் காலக்கெடுவை முதலிலிருந்து தொடங்கிவிடும். 287 டாலர் உண்மையான பாக்கி என்று உங்கள் மனத்துக்குத் தெரிந்தால் என் யோசனை, முழுதாகக் கட்டி ரசீது வாங்கி, பதிவு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். மாறவில்லையென்றால் அப்போது உங்களிடம் உடைக்க முடியாத மறுப்பு ஒன்று இருக்கும்.

முகமையும் வங்கியும் ‘சரிபார்த்துவிட்டோம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி.யில் புகார் கொடுக்கலாம். தேசிய வங்கியாக இருந்தால், அத்தகைய வங்கிகளைக் கண்காணிக்கும் ஓ.சி.சி.யிலும் கொடுக்கலாம். சி.எஃப்.பி.பி. இந்த விஷயத்தில் கை வைத்ததுண்டு. செக்கிங் கணக்குத் தகவல்களின் துல்லியத்துக்கு முறையான ஏற்பாடு இல்லை, மறுப்புகளின் முடிவை வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்று 2017 ஆகஸ்டில் ஜேபி மார்கன் சேஸ் வங்கிக்கு 46 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. புகாருக்கு நிறுவனங்கள் பொதுவாக 15 நாட்களில் பதில் தருவது வழக்கம். 2025 முதல் அந்த அமைப்பையே சுருக்கும் முயற்சி நடப்பதால் பழைய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். வேண்டுமென்றே சட்டத்தை மீறியதாக நிரூபித்தால் 100 முதல் 1,000 டாலர் வரை சட்டப்படியான இழப்பீடும், வழக்கறிஞர் கட்டணமும் எதிராளியிடமிருந்தே கிடைக்கும். அதனால்தான் சில வழக்கறிஞர்கள் உங்களிடம் பணம் வாங்காமலே இத்தகைய வழக்கை எடுக்கிறார்கள். விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

400 டாலர் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள். அவர் செய்யப்போவது, எல்லோருக்கும் ஒரே அச்சில் அடித்த கடிதத்தை முகமைக்கு மீண்டும் மீண்டும் அனுப்புவது. போதிய விவரம் இல்லாத மறுப்பை அற்பமானது என்று தள்ளிவிட முகமைக்கு உரிமை இருக்கிறது. பிறகு நீங்கள் உண்மையான ஆதாரத்தோடு போகும்போது சந்தேகப் பார்வைதான் கிடைக்கும். கடன் வரலாற்றைச் சரிசெய்து தருகிறோம் என்பவர்கள் வேலையை முடிக்குமுன் பணம் வாங்கவே கூடாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முன்பணம் கேட்பதிலேயே அவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. அதேபோல, உங்கள் அறைத்தோழர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, சமூகப் பாதுகாப்பு எண்ணை மறைத்து வேறு பெயர் வடிவத்தில் கணக்குத் திறப்பது, அதைக் கனவிலும் செய்யாதீர்கள். காப்பீடு பெற்ற வங்கியை ஏமாற்றத் தெரிந்தே பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். இப்போது உங்கள் பெயரில் இருப்பது கட்டண பாக்கி; அப்படிச் செய்தால் நிஜமாகவே மோசடி என்று பதிவாகும்.

சம்பளத்துக்கு உடனடி வழி வேண்டும். ‘பேங்க் ஆன்’ என்ற தேசியத் தரச்சான்று பெற்ற கணக்குகளைத் தேடுங்கள். அவற்றில் ஓவர்டிராஃப்ட் கட்டணமே கிடையாது, மாதக் கட்டணமும் குறைவு. பழைய பதிவில் உண்மையான மோசடி இருந்தால் மட்டும் மறுக்கும்படி அந்தத் தரநிலை வங்கிகளுக்குப் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. ஆகவே விண்ணப்பிக்கும் முன் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வாய்ப்புக் கணக்கு என்ற பெயரில் உள்ளூர் கிரெடிட் யூனியன்கள் (கூட்டுறவு வங்கி போன்றவை) சிலவும் தருகின்றன. அதுவரை நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் காகிதக் காசோலை கேட்டுப் பாருங்கள். ஆனால் ஆத்திரத்தில் ஒரே வாரத்தில் ஆறேழு வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரிப்பும் அதே அறிக்கையில் ஏறுகிறது. வரிசையாக விசாரிப்புகள் இருந்தால் அதையே சில வங்கிகள் மறுக்கும் காரணமாக வைத்துக்கொள்கின்றன.

மறுப்பு வென்று பதிவு நீங்கினால், முடிவுக் கடிதத்தோடு திருத்திய அறிக்கையையும் வாங்கி வைத்துக்கொண்டு, இணையத்தில் விண்ணப்பிக்காமல் நேரே கிளைக்குப் போங்கள். நீக்கிய தகவலை முகமை மீண்டும் ஏற்றினால் 5 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஏற்றியிருந்தால் அதுவே தனி மீறல். அறிக்கை கைக்கு வந்ததும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வதெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும்.